மூன்று கணினியும் ஒரு ஜால்ராவும்

தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது கோயில் பஜனைக் குழுவில் என் கையிலிருந்த ஜால்ராவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கினார்கள். "உங்களுக்கு மூட்டு வலி, எதுக்குண்ணே சிரமம்?" என்றார் தலைவர். எனக்கு மூட்டு வலி இருப்பது முழங்காலில். ஜால்ராவை நான் கையால்தான் போடுகிறேன்.

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். பாட்டு முடிவதற்குள் என் ஜால்ரா முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் 31 வருடம் கிராணி வேலை பார்த்தவன் நான். அடுத்தடுத்து வந்த ஐந்து மானேஜர்களுக்கும் தாளம் பிசகாமல் ஜால்ரா போட்டிருக்கிறேன். முருகனுக்குப் போடும்போது மட்டும் ஏன் கை முந்துகிறது என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம்.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "ஜால்ரா போனால் போகட்டும். நம்ம குழுப் பாட்டையெல்லாம் நானே பதிவு பண்ணி, வயலின், புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து, பூசத்தன்று ரதத்தில் போடுகிற மாதிரி பென்டிரைவில் தருகிறேன்" என்று சபையில் அறிவித்துவிட்டேன். ஜால்ராவை நான் திருப்பிக் கேட்காதவரை எதற்கும் சம்மதம் என்கிற மனநிலையில் அவர்கள் இருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதிலும் முந்திவிட்டேன்.

எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பழைய செய்தி. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில்தான் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். மூன்றே வருடத்தில் 'ரோஜா' வந்தது. கொல்லை என்னிடமும் இருக்கிறது. அதில் ஒரு சவ்சவ் கொடி, ஒரு கோழிக்கூண்டு, தகரக் கூரை போட்ட ஒரு சாமான் அறை. பத்துப் பொருத்தத்தில் ஏழாவது தேறும் என்று தோன்றியது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தானா ராத்தா என்றால் மலாயில் சமதரை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டரில், கேமரன் மலையின் இத்தனை மேடுபள்ளத்துக்கு நடுவே, யாருக்கு இந்தப் பெயர் வைக்கத் தோன்றியதோ! எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது சமையலறைக்குள் நுழைந்து, மாமியார் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, சாமான் அறைக்குப் போய் நிற்கும். பின்னால் நான் இழுத்த கேபிள்களெல்லாம் அதே பாதையில்தான் போயின.

இனி கணினிகள். கையில் மூன்று இருந்தன. கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச்சென்ற, சண்டை விளையாட்டு ஆடுகிற பெரிய டெஸ்க்டாப். நான் ஓய்வு பெற்றபோது ஆபீசில் கழித்துக் கட்டிய லேப்டாப் (கழித்துக் கட்டியது லேப்டாப்பை). மகள் கல்லூரியில் வைத்திருந்த, மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு லேப்டாப்.

ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரியும் கேட்டாள். போதாது. கணினிக்குள் இருக்கும் வயலின் என்பது யாரோ ஒருவர் நிஜ வயலினில் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, அழுத்தமாக, நீட்டி, வெட்டி வாசித்துப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான துண்டுகள். விசையைத் தட்டினால் அதற்குரிய துண்டு எழுந்து வர வேண்டும். வயலினோடு புல்லாங்குழலும் வீணையும் தம்பூராவும் சேர்ந்தால் நினைவகம் நிரம்பிவிடும். மகளின் லேப்டாப்பில் நான்கு வாத்தியம் ஏற்றினேன். ரிங்லெட் ஏற்றத்தில் முட்டைக்கோஸ் லோரி முக்குகிற மாதிரி அதன் காற்றாடி முக்கியது. ஐந்தாவது வாத்தியத்தில் திரை நீலமாகி மயக்கம் போட்டது.

பெரிய பெரிய ஆட்களும் இதே சங்கடத்தைப் பட்டிருக்கிறார்கள். 1990களின் கடைசியில் கிகாசாம்ப்ளர் என்று ஒரு மென்பொருள் வந்தது. துண்டுகளை நினைவகத்தில் அடைத்து வைக்காமல், வேண்டியதை அவ்வப்போது வன்தட்டிலிருந்தே எடுத்து வாசிக்கும். ஹாலிவுட் இசையமைப்பாளர்கள் அதைப் போட்ட கணினிகளை வரிசையாக அடுக்கினார்கள். ஒன்றில் வயலின், ஒன்றில் பித்தளை வாத்தியங்கள், ஒன்றில் மேளம். எல்லாச் சத்தமும் ஒரே மேசைக்கு வந்து சேரும். எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளையை மட்டும் தலைமைக் கணினி அனுப்பும். அந்தக் கட்டளை மொழிதான் 1983இல் வந்த மிடி. நொடிக்கு 31,250 பிட், ஐந்து முள் வைத்த ஒரு வட்டச் செருகி. நாற்பது வருடம் தாண்டியும் அதை யாரும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை.

ஆக, ஒரு பணக்காரக் கணினி செய்யும் வேலையை மூன்று ஏழைக் கணினிகள் கூட்டுறவு முறையில் செய்யும். டெஸ்க்டாப் சாமான் அறையில் வயலின் வாசிக்கும். ஆபீஸ் லேப்டாப் சமையலறை மேடையில் தம்பூராவும் புல்லாங்குழலும் வாசிக்கும். மகளின் லேப்டாப் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்யும்.

"ஏங்க, அங்க வாசிக்கிறதை அங்கயே பதிவு பண்ணி, பென்டிரைவுல எடுத்துட்டு வந்தா ஆகாதா?" என்றாள் வீட்டுக்காரி.

"ஒண்ணா வாசிச்சாத்தாம்மா அது கச்சேரி" என்று நான் விளக்கினேன். அறியாதவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்பது என் கொள்கை.

முதல் காரியமாக மூன்று கணினிகளின் மணியையும் ஒன்றாக்கினேன். ஒன்றாக வாசிக்க வேண்டும் என்றால் மணி ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? மூன்றும் ஹால் கடிகாரத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கிக் கிடந்தன. கடிகாரத்தைப் பார்த்து மூன்றையும் திருத்தினேன். மறுநாள் காலை பார்த்தால் மூன்றும் பழையபடி பன்னிரண்டு நிமிடம் பின்னால். மறுபடி திருத்தினேன். மறுபடி பின்னால். ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம் தூங்குகிற கணினிகளை வைத்துக்கொண்டு எப்படிக் கச்சேரி செய்வது?

ஹால் கடிகாரத்தை நான் சந்தேகிக்கவில்லை. அது மாமனார் வாங்கிக் கொடுத்தது. எனக்குக் கைக்கடிகாரம் கட்டும் பழக்கமில்லை. கைப்பேசியில் மணி பார்க்க மூக்குக்கண்ணாடி தேட வேண்டும். தேடுவதற்குள் நேரம் மாறிவிடும். அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் ஊரையே எடைபோட்டு வந்தேன். எட்டு மணிச் செய்தி எங்கள் வீட்டு வானொலியில் எட்டு பன்னிரண்டுக்குத்தான் வரும். மலையேறி வர நேரமாகும் என்று சொல்லிக்கொள்வேன். தாப்பா போகிற பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. இதை ஓட்டுநர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

முதல் முயற்சி எளிமையானது. டெஸ்க்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு ஒரு நீளமான ஒயர். வயலின் வந்தது. கூடவே 'ம்ம்ம்ம்' என்று ஓர் ஓசையும் வந்தது. என்ன செய்தாலும் போகவில்லை. சமையலறையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் ஐந்து கட்டையில் பாடுகிறவள்.

"சுருதிப் பெட்டி யாரு வச்சது? கொஞ்சம் ஏறிக் கிடக்குது பாருங்க."

சுருதிப் பெட்டி யாரும் வைக்கவில்லை. வைத்தது மின்சாரம். இந்த நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடி வருகிறது. ஐந்து கட்டையின் ஆதார சுருதியைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனால் நொடிக்கு 49 அதிர்வில் வந்து நிற்கும். 50 என்பது அதற்கு ஒரு மயிரிழை மேலே. அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்காரியின் காதுக்கு முன்னால் எந்தக் கருவியும் வேண்டாம். எனக்கு அந்தக் காது இல்லை என்பதோடு, அவளுக்கு இருக்கிறது என்கிற வருத்தமும் உண்டு.

காரணத்தைக் கண்டுபிடிக்கத் தங்கை மகனைக் கூப்பிட்டேன். ஈப்போவில் படித்தவன். உறுமி மேளக் குழுவில் அடிப்பவன். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுபவன். அவன் வந்ததும் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினான். 'ம்ம்ம்' நின்றது. மறுபடி செருகினான். 'ம்ம்ம்' வந்தது.

"மாமா, ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ரெண்டு எர்த்து. நடுவுல உங்க ஒயர். மூணும் சேர்ந்து ஒரு வளையம் ஆயிடுச்சு. அதுல கரண்டு சுத்துது."

ஆகா, இவ்வளவுதானா என்று கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பிளக்கின் மூன்றாவது பின்னை நெருங்கினேன். மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எர்த்தை உடைச்சா சத்தம் போயிடும் மாமா. அப்புறம் ஒருநாள் நீங்களும் போயிடுவீங்க."

நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்த பெட்டி ஒன்று உண்டாம். ஒரு பக்கத்துக் கம்பி மறுபக்கத்துக் கம்பியைத் தொடாமல் சத்தம் மட்டும் தாண்டிப் போகும். "அதையும் வாங்கி, மூணாவது கம்ப்யூட்டருக்கு இன்னொண்ணும் வாங்கி எதுக்கு மாமா செலவு? நெட்வொர்க்குலயே அனுப்பலாமே" என்றான். செலவு இல்லை என்றதும் எனக்குத் தொழில்நுட்பம் எளிதில் புரியும்.

இரண்டாவது முயற்சி வைஃபை. ரீப்பர் என்ற மென்பொருளோடு ரீஸ்ட்ரீம் என்று ஒரு சின்னச் செருகல் வருகிறது. ஒரு கணினியில் 'அனுப்பு' என்றும் இன்னொன்றில் 'வாங்கு' என்றும் வைத்தால் வீட்டு வலையிலேயே சத்தம் ஓடும். நல்ல தரத்தில் சத்தத்தை நொடிக்கு 48,000 துண்டாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 24 பிட். இடம் வலம் இரண்டு பக்கம். பெருக்கினால் நொடிக்கு 23 லட்சம் பிட். எங்கள் வைஃபைக்கு அது கொசு பாரம். அப்படியும் வயலின் கரகரவென்று பல் தேய்த்தது.

பாரம் இங்கே பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. பள்ளி விடுமுறையில் கீ ஃபார்ம் சந்தைப் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். சாலை அதே சாலைதான். ஸ்ட்ராபெரி வாங்க ஒரு காடி ஓரம் கட்டினால் பின்னால் பிரிஞ்சாங் வரை நிற்கும். சத்தமும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கிறது. மின்னஞ்சல் என்றால் அரை நொடி தாமதமாக வந்தாலும் வணக்கம் வணக்கம்தான். வயலின் அரை நொடி பிந்தினால் அது வேறு பாட்டு. சில பொட்டலங்கள் வந்து சேரவே இல்லை. 1967இல் இதே ஊரில், ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில் ஒரு பங்களாவிலிருந்து நடக்கக் கிளம்பிய பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இன்றுவரை திரும்பவில்லை. என் வயலினும் சாமான் அறையிலிருந்து கிளம்புவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஹாலுக்கு வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

அதிலும் மாலை ஏழு மணிக்கு மேல் மொத்தமாகவே செத்துப்போகும். மூன்று நாள் கவனித்ததில், மைக்ரோவேவில் கத்தரிக்காய்க் குழம்பு சுடுகிற நேரமும் வயலின் சாகிற நேரமும் ஒன்றாக இருந்தது. அந்த அடுப்பும் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான் புழங்குகின்றனவாம். "கலைக்காக ஒரு மாதம் ஆறின குழம்பு சாப்பிடலாமே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் எனக்கு மட்டும் ஆறின குழம்பு வந்தது. கலை அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது முயற்சி லேன் கேபிள். நீல நிறம், முப்பது மீட்டர். ஹால் ஜன்னலில் புகுந்து, சமையலறைக் கூரையோரம் தொங்கி, கோழிக்கூண்டைத் தாண்டிச் சாமான் அறைக்குப் போயிற்று. ஓசை கண்ணாடி போல வந்தது. நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் திடீரென்று நின்றது. எழுந்து போய்ப் பார்த்தால் கேபிளின் மேல் இரண்டு கைலி, ஒரு போர்வை, மாமியாரின் ஸ்வெட்டர். இந்த ஊரில் துணி காயாது. மூன்று மணிக்கு மூடுபனி இறங்கினால் காய்ந்ததும் நனையும். கூரைக்கடியில் புதிதாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தாரே மாப்பிள்ளை என்று மாமியாருக்கு என்மேல் முதல் தடவையாக மரியாதை வந்திருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் இன்னொரு கேபிள் வாங்கினேன்.

இப்போது புதுக் குறை. விசையைத் தட்டினால் வயலின் யோசித்துவிட்டு வந்தது. இதற்கு மருமகன் சொன்ன வார்த்தை பஃபர். கூரைமேல் வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. தொட்டி சின்னதாக இருந்தால் வரத்து கொஞ்சம் தடைப்பட்டாலும் குழாய் காற்று விடும், அதுதான் கரகர. பெரிதாக இருந்தால் தடையில்லாமல் கொட்டும். ஆனால் புதுத் தண்ணீர் பழைய தண்ணீருக்குப் பின்னால்தான் வரும். 1,024 துண்டு கொள்ளும் தொட்டி என்றால் 21 மில்லிநொடித் தாமதம். காற்றில் சத்தம் ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் நடக்கும். அப்படியானால் வயலின்காரர் ஏழு மீட்டர் தள்ளி, எங்கள் வீட்டுக் கணக்கில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார் என்று அர்த்தம். தொட்டியை 64 துண்டுக்குக் குறைத்தால் அவர் அரை மீட்டருக்குள் வந்துவிடுவார்; கூடவே கரகரவும் வரும். கடைசியில் 512இல் வைத்து அவரைச் சமையலறை வாசலில் உட்கார வைத்தோம்.

அன்று இரவு பதிவு தொடங்கியது. ஹாலில் ஐந்து பேர் பாட, எல்லாம் இனிதே நடந்தது. ஆறு நிமிடம் கழித்து 'டக்' என்று ஒரு சத்தம்.

"கெவுளி சொல்லுது" என்றார் மாமியார். "நல்லதுக்குத்தான்."

மறுபடி ஆறு நிமிடத்தில் 'டக்'. மறுபடி. இந்தக் குளிரில் இவ்வளவு ஒழுங்கான பல்லியா? ஆறு நிமிடத்துக்கு ஒரு நல்லது நடந்தால் இந்த வீடு தாங்காதே என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உத்தரத்தில் தேடினேன். பாடியவர்கள் கழுத்தைத் தூக்கியபடியே பாடினார்கள். பக்தி கூடியது மாதிரி இருந்தது.

பல்லி இல்லை. மருமகன் மணி பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு சிறு படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. நொடிக்கு 48,000 என்று எண்ணிக் கொடுப்பது அதன் துடிப்புதான். எந்த இரண்டு படிகமும் அச்சாக ஒன்றுபோலத் துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்கு முப்பது, ஐம்பது என்று வித்தியாசம் இருக்கும். சூட்டுக்கும் குளிருக்கும்கூட மாறும். சாமான் அறைப் படிகம் ஹால் படிகத்தைவிடப் பத்து லட்சத்துக்கு முப்பது வேகம் என்று வையுங்கள். நொடிக்கு ஒன்றரைத் துண்டு கூடுதலாக அனுப்பிக்கொண்டே இருக்கும். 512 துண்டு கொள்ளும் தொட்டி ஆறு நிமிடத்தில் நிரம்பி வழியும். வழிகிற சத்தம்தான் 'டக்'.

"நான் மூணுக்கும் மணி சரியாத்தானே வச்சேன்?" என்றேன்.

"மாமா, அது சுவர்க் கடிகார மணி. இது வேற. மணி எவ்வளவுன்னு இதுக்குக் கவலை இல்ல. அடுத்த துடிப்பு எப்பங்கிறதுதான் கவலை."

அவன் சொன்ன தீர்வு எனக்குச் சட்டென்று புரிந்தது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்குப் பெரட்டு தெரியாதா? விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கும்போது ஒரே ஒரு தண்டலின் குரல்தான் கேட்கும். ஆளுக்கொரு கடிகாரம் பார்த்து வேலைக்குக் கிளம்பினால் கொழுந்து ஏது? இப்போது சரிவுகளில் கொழுந்து வெட்ட இரண்டு பேர் தூக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரும் ஒரே எட்டு வைக்க வேண்டும். ஒருவர் அரை அடி முந்தினால் செடியின் தலை கோணலாகிவிடும். அவர்கள் மணி பார்ப்பதில்லை. ஒருவர் நடப்பார், மற்றவர் அவர் தோளைப் பார்ப்பார்.

பெரிய அரங்குகளிலும் இதே ஏற்பாடுதானாம். சிட்னியைச் சேர்ந்த ஆடினேட் நிறுவனத்தின் டான்டே என்ற முறையில் நூற்றுக்கணக்கான ஒலிவழிகள் வலைக்கம்பியில் ஓடும். அத்தனை பெட்டிகளும் ஒரே தலைமைக் கடிகாரத்தைப் பார்த்துத் துடிக்கும். இசையமைப்பாளர்களுக்கென்று வந்த வியன்னா என்செம்பிள் ப்ரோ இன்னும் தந்திரமானது. வாத்தியக் கணினிகளின் சொந்தத் துடிப்பை அது கணக்கிலேயே எடுக்காது. தலைமைக் கணினி 'அடுத்த துண்டைக் கொடு' என்று கேட்கும்போது மட்டும் மற்றவை கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். தொட்டி நிரம்பாது, வழியாது. கேட்டதும் எனக்கு என் ஆபீஸ் வாழ்க்கை ஞாபகம் வந்தது. நான் 31 வருடம் தாக்குப்பிடித்த ரகசியமும் இதுதான்.

அந்த வழிக்கு மாற்றினோம். பல்லி நின்றது. மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். போகிற போக்கில் மருமகன் ஒன்று சொன்னான்: "அத்தை சொன்ன பென்டிரைவ்தான் மாமா ரொம்ப சுலபம். ஃபைல்ல துடிப்பே கிடையாது, வெறும் நம்பர்தான். எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் அது துடிப்புக்கு ஓடிக்கும்." நான் காது கேட்காதவன் போல நீலக் கேபிளைச் சுருட்டினேன். கேபிளுக்கு மட்டும் அதுவரை 140 வெள்ளி போயிருந்தது.

இனிமேல்தான் நான் செய்த தவறு. பாட்டுகள் அருமையாக வந்துவிட்டன. ஜால்ரா மட்டும் இல்லை. குழுவின் புது ஜால்ராப் பையனுக்கு அன்று பரீட்சை. நள்ளிரவில், வீடு தூங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலமாரியின் அடியில் ஒளித்து வைத்திருந்த சொந்த ஜால்ராவை எடுத்து, ஒரு பாட்டுக்கு நானே போட்டுப் பதினான்காவது தடத்தில் பதிவு செய்தேன். மூன்று கணினியும் ஒரே துடிப்பில் ஓடும் உலகத்தில் நான் மட்டும் தனியாகவா பிசகிவிடப் போகிறேன்?

மறுநாள் மருமகன் திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு எண்ணினான். அது நான்கு நிமிடப் பாட்டு. நிமிடத்துக்கு 60 அடி. மொத்தம் 240. நான் போட்டிருந்தது 242.

"மாமா, மட்டமான கம்ப்யூட்டர் படிகம் பத்து லட்சத்துக்கு அம்பது பிசகும்" என்று கைப்பேசியில் கணக்குப் போட்டான். "உங்களுக்குப் பத்து லட்சத்துக்கு 8,333 வருது."

"வேகம்தானே? தாமதம் இல்லையே" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"வேகமா தாமதமாங்கிறது இல்ல மாமா. ஒரே அளவா பிசகினா ஒண்ணும் கவலை இல்ல. வயலின் பத்து மில்லிசெகண்டு பிந்துதா? எப்பவும் பத்துதானா? சாஃப்ட்வேர்ல சொல்லிட்டா அதுவே கழிச்சுக்கும். மாறாத தப்பு தப்பே இல்ல. நீங்க முதல் நிமிஷத்துல சரியா இருக்கீங்க, ரெண்டாவதுல ஓடுறீங்க, மூணாவதுல மூச்சு வாங்குறீங்க, நாலாவதுல மறுபடி ஓடுறீங்க. இதை எதை வச்சுக் கழிக்கிறது?" நிமிர்ந்து ஹாலைப் பார்த்தான். "அந்தக் கடிகாரத்தைப் பாருங்க. பன்னிரண்டு நிமிஷம் முன்னால ஓடுது. மூணு வாரமா பாக்கிறேன், பன்னிரண்டு, அதே பன்னிரண்டு. அதுல என்ன கஷ்டம்?"

"எது பன்னிரண்டு நிமிஷம் முன்னால ஓடுது?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மாமியார் ஸ்வெட்டரின் பொத்தானை ஆராயத் தொடங்கினார். மருமகன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாளம் தவறியவன் போல உட்கார்ந்திருந்தான்.

"மூத்தவன் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தப்ப வச்சது" என்றாள் வீட்டுக்காரி கதவருகில் வந்து. "முதல் வாரமே மூணு நாள் ஸ்கூல் பஸ்ஸை விட்டீங்க. நாலாவது நாள் முள்ளைத் தள்ளி வச்சேன். அதுக்கப்புறம் விட்டதில்ல."

மூத்தவனுக்கு இப்போது வயது 33. இருபத்தாறு வருடம். வானொலிச் செய்தி மலையேறித் தாமதமாக வரவில்லை. தாப்பா பஸ் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஓட்டுநர்களிடம் நான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக மலையேறி வந்தன. தூங்குமூஞ்சிகள் என்று நான் ஏசிய மூன்று கணினிகளும், ராத்திரி முழுக்க இணையத்தைக் கேட்டுக் கேட்டுத் தங்கள் மணியைச் சரி செய்துகொண்டிருந்த உத்தமர்கள். மூன்று சாட்சி ஒரே விஷயத்தைச் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"பேட்டரி மாத்தறப்ப?" என்றேன்.

"நான்தானே ஸ்டூல்ல ஏறி மாத்துவேன். உங்களுக்குத்தான் மூட்டு வலி ஆச்சே."

பஜனைக் குழுத் தலைவர் இந்த வாக்கியத்தை எங்கே கற்றுக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை.

பதினான்காவது தடத்தை மருமகன் அழித்துவிட்டான். நான் தடுக்கவில்லை. கடிகாரத்தையும் திருத்தவில்லை. இனி எனக்கு விஷயம் தெரியும் அல்லவா? பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் பன்னிரண்டைக் கழித்துக்கொண்டால் போயிற்று. மாறாத தப்பு தப்பே இல்லை.

தைப்பூசத்தன்று காலை ஆறு மணிக்கு ரதம் புறப்பாடு. வீட்டிலிருந்து கோயிலுக்கு இருபது நிமிட நடை. மற்றவர்கள் முன்னாடியே போய்விட்டார்கள். நான் நிதானமாகப் பசியாறினேன். தேத்தண்ணி குடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நாலு. பன்னிரண்டைக் கழித்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. ஐயோ என்று சட்டையை மாட்டிக்கொண்டு, பனியில், முழங்கால் வலியோடு ஓடினேன். மூச்சிரைக்கக் கோயில் வாசலில் போய் நின்றபோது ரதம் அங்கேயே இருந்தது. இப்போதுதான் தீபாராதனை. ஒலிபெருக்கியில் எங்கள் வயலினும் புல்லாங்குழலும் ஒரே துடிப்பில் பாடிக்கொண்டிருந்தன. மருமகனின் கைப்பேசியில் மணி பார்த்தேன். ஐந்து ஐம்பத்தொன்று.

வீட்டுக்காரி என்னைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை அவள் இருபத்துநாலு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள்.